ஏற்காட்டில் எங்கே உண்பது?

பள்ளி விடுமுறை தொடங்கும் முன்னரே நம் குடும்பங்களில் ஒரு வாதம் தொடங்கிவிடுகிறது. ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய்வருவது என முடிவாகிறது. உடனே, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதா, அங்கேயே வாங்கி உண்பதா என்ற கேள்வி எழுகிறது. கடைச் சோறு வயிற்றுக்கு ஆகாது, காசும் கரையும் என்பது பெரியவர்கள் கட்சி. ஊர் பார்க்கப் போன இடத்திலும் புளிச்சோறா என்பது பிள்ளைகள் கட்சி. இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே, கருத்தை எவரும் கேளாத நிலையில், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை மனத்தில் கொண்டே இம்மாதப் பக்கத்தை எழுதுகிறோம்.

கட்டுச்சோற்றை நாம் பழிக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு நாள் கணக்கில் பயணம் செய்த காலத்தில் அதுவே உயிர் காத்தது. ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் மலைமேல் நிற்கலாம். அந்த ஒரு நாளுக்காக இல்லத்தரசி முன்னிரவு முழுதும் புளி கரைத்து, விடியலில் சோறு கிளறி, மலையில் பரிமாறி, இரவு வீடு திரும்பிப் பாத்திரமும் கழுவினால், அவருக்கு அது விடுமுறையாகுமா? வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு என்றால் அவருக்கும் ஓய்வு வேண்டும். ஆகவே கைக்குழந்தைக்கும், உப்பும் சர்க்கரையும் விலக்கப்பட்ட முதியவருக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கடையில் உண்பதே சரி என்பது நம் தீர்ப்பு. இனி, எங்கே, எப்போது, எதை என்பதைப் பார்ப்போம்.

முதலில் காலை உணவு. அதைச் சேலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பூரியும் உருளைக்கிழங்குமாக வயிறு புடைக்க உண்டு ஏறும் பிள்ளைகள் ஏழெட்டு வளைவுகளுக்குள் ஜன்னலைத் தேடுவர். வெறும் வயிறும் அதே தொல்லையைத் தரும். இரண்டு இட்டிலி, சிறிது சட்டினி, அரை வயிறு: அது போதும். இஞ்சி மரப்பா ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

மேலே சென்றதும் ஏரியும் படகும் கண்ணைப் பறிக்கும். ஏரிக்கு அருகே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' இருக்கிறது. குடும்பத்தோடு அமர்ந்து உண்ணவும், கை கழுவவும், குழந்தைகளை ஒதுக்கவும் வசதியான இடம் வேண்டுவோர்க்கு இத்தகைய விடுதிகள் ஏற்றவை. ஷெவராய்ஸ் போன்ற பெரிய தனியார் விடுதிகளின் உணவுக்கூடங்களும் உள்ளன. அங்கே வசதி அதிகம், விலையும் அதற்கேற்ப. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அமர்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அமர்ந்தபின் எழுவதில்தான் சங்கடம்.

சிக்கனமாக உண்ண விரும்புவோர், ஏரிக்கரையை விட்டுச் சற்று நடந்து, உள்ளூரார் உண்ணும் கடைத்தெருவின் மெஸ்களைத் தேட வேண்டும். ஒண்டிக்கடை என்றே ஒரு நாற்சந்திக்குப் பெயர் வழங்கும் ஊர் இது. ஒருகாலத்தில் ஒண்டியாய் ஒரு கடைதான் நின்றிருக்கும் போலும் என்று அப்பெயர் எண்ணவைக்கிறது. இன்று அங்கே கடைக்குப் பஞ்சமில்லை. எந்த மெஸ் நல்லது என்று எப்படி அறிவது? பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும் எங்கே அமர்கிறார்கள், தோட்டத்து வேலையாட்களும் பள்ளிக்கூடத்துப் பணியாளர்களும் எங்கே நுழைகிறார்கள் என்று பாருங்கள். நாள்தோறும் உண்கிறவனை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. ஒரே முறை வந்து போகிறவனிடம் மட்டுமே அது நடக்கும். உரோமைக்குத் திருயாத்திரை சென்று வந்தவர்களும் இதையே சொல்வர். புனித பேதுரு சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் ஒரு விலை, இரண்டு தெரு தள்ளி வேறொரு விலை. அந்நாட்டில் காப்பியை நின்றபடி குடித்தால் குறைவு, மேசையில் அமர்ந்தால் கூடுதல். ஏரிக்கரைக்கும் அச்சதுக்கத்துக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை இல்லை.

நேரம் முக்கியம். கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடைபெறும் மே மாதத்தில், பகல் ஒரு மணிக்கு எந்தக் கடையிலும் இலை போட இடமிராது. பன்னிரண்டுக்கே அமர்ந்துவிடுங்கள். சோறும் அப்போதுதான் வடித்ததாயிருக்கும். மலைமேல் சமையல் சற்றுத் தாமதப்படும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் வேகக் கூடுதல் நேரம் பிடிப்பது அதனால்தான். பரிமாறும் தம்பியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தவக்கால வெள்ளிக்கிழமையில் மலையேறுவோர்க்கும் குறையில்லை; சைவச் சாப்பாடு எங்கும் கிடைக்கும்.

இனி பஜ்ஜி. ஏரிக்கரையிலும், லேடீஸ் சீட்டிலும், பகோடா முனையிலும் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் வாணலியில் மிதக்காத நேரமில்லை. பனி இறங்கும் மாலையில் அதன் சுவையை மறுப்பார் யார்? ஆனால் பஜ்ஜி உணவன்று, சிற்றுண்டியே. கடைக்குக் கடை நின்று பஜ்ஜியாலேயே வயிற்றை நிரப்பிவிட்டு, மறுநாள் மருத்துவரிடம் மலைத் தண்ணீரைக் குறை சொல்வோர் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் எண்ணெயே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீய பொருள்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கின்றன. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். எண்ணெய் தெளிந்திருந்தால் நின்று, எதிரே போட்டெடுத்ததைச் சுடச்சுட வாங்குங்கள். அவ்வாறு வாங்கும்போது, அடுப்பருகே நாள் முழுதும் நிற்கும் அந்த அம்மாளிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். பெரிய விடுதியில் பணியாளுக்கு நோட்டை நீட்டும் கை, இங்கே மட்டும் ஏனோ சில்லறையை எண்ணுகிறது.

நம் வாசகர்களுள் ஒரு சாரார் ஏரியைப் பார்க்கவன்று, பிள்ளையைப் பார்க்கவே ஏற்காடு செல்கின்றனர். மாண்ட்ஃபோர்ட், திரு இருதயப் பள்ளி போன்றவற்றின் விடுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்துப் பிள்ளைகள் தங்கிப் படித்து வருகின்றனர். மாதக்கணக்கில் விடுதி உணவு உண்ட பிள்ளை, பெற்றோரைக் கண்டதும் கேட்பது பரோட்டாவும் பிரியாணியுமாகத்தான் இருக்கும். அன்று ஒரு நாள் அதன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். 'என்ன மதிப்பெண்?' என்ற கேள்வியை முதல் கவளத்துக்கு முன் கேளாதீர்கள். கூட்டமில்லாத கடையில் மூலை மேசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் சொல்லத் தயங்குவதை எல்லாம் பெரும்பாலும் இலை எடுக்கும் நேரத்தில்தான் சொல்கிறார்கள். அப்போது எழுந்துபோகச் சொல்லி அவசரப்படுத்தும் கடை, எத்துணை ருசியாயினும் அன்றைக்கு உதவாது.

இதுவரை சொன்னவை எந்த மலை ஊருக்கும் பொருந்தும். ஏற்காட்டுக்கே உரிய உணவு எது என்று கேட்டால், விடை கோப்பையில் இருக்க வேண்டும். 1820களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிச் செடியை நடச் செய்தார். அவருடைய 'கிரேஞ்ச்' தோட்டம் அக்காலத்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காப்பி விளையும் மலை இது. எனினும் காப்பிச் செடிகளுக்கு நடுவே உள்ள கடையில் அமர்ந்து நாம் குடிப்பது, சமவெளியிலிருந்து பொட்டலத்தில் ஏறிவந்த தூளாக இருப்பது விந்தை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியமே அதை ஏலத்தில் விற்றது. தன் தோட்டத்துக் காப்பியைத் தானே கடை வைத்து விற்கத் தோட்டக்காரருக்கு உரிமை இல்லை. 1990களில் இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து நீங்கியது. இப்போது மலையில் விளைந்ததை மலையிலேயே வறுத்து அரைத்து விற்கத் தடை ஏதுமில்லை. அவ்வாறு விற்போரும் உண்டு. நாம்தான் கேட்பதில்லை. காப்பி ஒன்று என்கிறோம். எந்தக் காப்பி என்று கேட்டால், 'சூடாக' என்கிறோம்.

ஏற்காட்டில் காப்பித் தூள் வாங்குவோர் இரண்டைக் கேட்க வேண்டும். இங்கே விளைந்ததா? சிக்கரி எவ்வளவு? சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது சட்டம். அதாவது, பாதிக்குச் சற்றுக் குறைவாக வேர்த்தூளைக் குடித்துவிட்டு அதைக் காப்பி என்று மெச்சிக்கொள்ளச் சட்டம் நமக்கு இடமளிக்கிறது. சிக்கரி கலவாத தூளை வாங்கி முதல் தடவை குடிப்போருக்கு நிறம் வெளிறியும், திடம் குறைந்தும் தோன்றும். நாக்கு பழக ஒரு வாரமாகும். பழகியபின் பழைய பொட்டலத்துக்குத் திரும்ப மனம் வாராது. கூடவே கால் கிலோ மிளகும் வாங்குங்கள். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படரும் கொடியின் காய்தான் அது.

காப்பிக்கும் முந்தியது இம்மலையில் சாமை. சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு அவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. மலையுச்சியில் குகைக் கோவில் கொண்டுள்ள சேர்வராயனுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் அவர்கள் விழா எடுக்கின்றனர். சாமைச் சோறும், ராகிக் களியும், மொச்சைக் குழம்பும், கீரையுமே அவர்கள் முன்னோரின் உணவு. சாமையை உமி நீக்கிக் குத்துவது பெண்களுக்குப் பெரும் உழைப்பு. நியாய விலைக்கடை அரிசி வந்ததும், அதிலும் 2011 முதல் அது விலையின்றிக் கிடைத்ததும், உரலுக்கு ஓய்வு வந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. விடியலில் எழும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று மேலே எழுதிய அதே பேனா, மலைமகளிர் மட்டும் உலக்கை பிடிக்க வேண்டும் என்று எழுதலாகாது.

ஆனால் நடந்தது இன்னொன்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரத்து அங்காடிகளில் சாமை அரிசி கண்ணாடிப் பேழைக்குள் ஏறி அமர்ந்தது. அது விளையும் மலையின் உணவுக்கடைப் பட்டியலிலோ நூடுல்ஸும் பனீரும் முதலிடம் பிடித்திருக்கின்றன. இப்போது உமி நீக்க இயந்திரம் உண்டு, உரல் தேவையில்லை. வருகிறவர்களில் பத்துப் பேர் 'சாமைச் சோறு உண்டா?' என்று கேட்டால், பதினோராவது நாளில் ஒரு கடையிலாவது அது வேகும். நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற மலைச் சிற்றூர்கள் வழியே செல்வோர், அங்குள்ள சிறு கடைகளில் முன்கூட்டிச் சொல்லிச் சமைக்கக் கேட்டுப் பாருங்கள். உண்ட காசு மலையிலேயே தங்கும்.

பழங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரத்தில் பலாவும், கொய்யாவும், பேரிக்காயும், பட்டர் புரூட் எனப்படும் வெண்ணெய்ப் பழமும் அந்தந்தப் பருவத்தில் குவிந்திருக்கும். வெட்டி வைத்ததை வாங்காமல் முழுப்பழமாக வாங்குங்கள். வெண்ணெய்ப் பழம் கல்போல் இருந்தால் இரண்டொரு நாள் வீட்டில் வைத்துப் பழுத்தபின் உண்ணுங்கள். கையில் பையைத் தொங்கவிட்டு நடந்தால் குரங்குகள் உங்களுக்கு முன் உண்டுவிடும். மீந்த உணவை வழியில் எறிவது அதைவிடத் தீது. அண்மை ஆண்டுகளில் காட்டெருமைகள் தோட்டங்களையும் சாலைகளையும் நெருங்கிவருகின்றன. எச்சில் இலை அவற்றை இன்னும் நெருங்க அழைக்கும். நெகிழித் தட்டும் குவளையும் 2019 சனவரி முதல் தமிழகம் முழுதும் தடைசெய்யப்பட்டவை. வாழையிலையிலோ தட்டிலோ பரிமாறும் கடையே அந்த வகையிலும் மேல்.

மாலையில் இறங்கிவிடுவோர் இரவு உணவை மலையில் தேட வேண்டாம். சேலம் வந்தபின் பசிக்கும். அங்கே தட்டுவடை செட் காத்திருக்கும். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்டினி, புதினாச் சட்டினி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து அடுக்கித் தருவார்கள். வண்டிக் கடையருகே நின்று, ஒன்றை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தால் சட்டை கறையாகும். கோடையாயின் பக்கத்திலேயே மாம்பழக் கூடைகள் இருக்கும். மல்கோவா கனிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்ததும் அன்றிரவு அடுப்பு மூட்ட வேண்டியிராது. பாலைச் சுடவைத்தால் போதும், அதையும் பிள்ளைகளே செய்யலாம்.