வாய் நாற்றமா? தொண்டையையும் பாருங்கள்

தாய்மார்களே, வளர்ந்த பிள்ளையின் வாய் நாறினால் "ஒழுங்காகப் பல் துலக்கு" என்று அதட்டுகிறோம். பல்லில் சொத்தை இல்லை, துலக்கியும் நாற்றம் போகவில்லை என்றால், வெளிச்சத்தில் நிறுத்தி வாயை 'ஆ'வென்று திறக்கச் சொல்லுங்கள். உள்நாக்கின் இருபுறமும் இருக்கும் டான்சில் சதையில் அரிசிக் குறுணை போல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிகிறதா? அதுதான் டான்சில் கல்.

அந்தச் சதையில் சிறு குழிகள் உண்டு. சோற்றுத் துணுக்கும் கிருமியும் அவற்றில் தங்கி, சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிவிடும். நசுக்கினால் அழுகிய முட்டை நாற்றம்! பெரும்பாலும் இருமும்போது தானே வந்துவிடும். இது தொற்றுநோயன்று. அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஈர்க்குச்சி, கொண்டை ஊசியால் குத்தி எடுக்கவே கூடாது, இரத்தம் கொட்டும். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சாப்பிட்டபின் தொண்டைவரை கொப்பளிக்கட்டும். நாக்கையும் வழிக்கட்டும்.

காய்ச்சலோடு விழுங்க முடியாமலோ, வாய் திறக்க முடியாமலோ போனால் அன்றே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

வெற்றிலையோடு புகையிலை போடும் தாத்தா பாட்டி விஷயம் வேறு. ஒரு பக்கச் சதை மட்டும் பெருத்தாலும், புண் 3 வாரமாகியும் ஆறாவிட்டாலும், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலும், "கல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அது புற்றாகவும் இருக்கலாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.