ஒளியும் ஒப்பனையும்

1970ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கம்பெல் சூப் விளம்பரங்கள் குறித்து ஆணை பிறப்பித்தது. கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளை இட்டு, காய்கறித் துண்டுகள் மேலே நிறைந்திருப்பதுபோலப் படம்பிடித்தமையே குற்றச்சாட்டு. இன்று கோலிக்குண்டுகள் தேவையில்லை, கணினியே போதும்.

பொருட்களைப் படமெடுப்போர் ஒப்பனைக்கு முன் ஒளியை நாடவேண்டும் என்பதே என் கருத்து. பனையோலைப் பெட்டியொன்றைச் சாளரத்தருகே வையுங்கள். பக்கவாட்டு ஒளி பின்னலின் மேடுபள்ளத்தைக் காட்டும். எதிர்ப்புறம் நிறுத்திய வெள்ளை அட்டை நிழலைத் தணிக்கும். அகல்கோண வில்லையுடன் மிக நெருங்கினால் உருவம் திரியும். விலகிநின்று, குவியத்தூரம் கூடிய வில்லையால் எடுங்கள்.

பின்னர் கணினியில் தூசியை அழிக்கலாம். ஒளியால் பிறழ்ந்த நிறத்தைச் சீராக்கலாம். பொருளின் இயல்பான நிறத்தையோ குறையையோ மறைத்தலாகாது. கடல்கடந்து வாங்குபவருக்குப் படமே கண்ணும் கையும். அவர் ஏமாந்தால், பெட்டி முடைந்தவரே அடுத்த விற்பனையை இழப்பார்.