கணனி சொன்னால் யாரைக் கேட்பது?

"உங்கள் பெயர் பட்டியலில் இல்லை." எத்தாளைப் பக்கத்தில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன பதில். முன்பெல்லாம் அதைச் சொன்ன அலுவலரோடு வாதாடவாவது முடிந்தது. இன்று அவரும், "கணனியில் அப்படித்தான் வந்திருக்கிறது" என்று கைவிரிக்கிறார்.

2023இல் அறிமுகமான அஸ்வெசும திட்டத்தில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டுக் குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டன. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அது செயற்கை நுண்ணறிவு அல்ல, மனிதர் முன்கூட்டியே வகுத்த கணக்கு. செயற்கை நுண்ணறிவோ பழைய தரவுகளிலிருந்து தானாகவே விதிகளைக் கற்று, யார் ஏழை, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஊகித்துச் சொல்லும்.

ஊகம் பிழைத்தால் என்னவாகும்? இந்தியாவின் தெலங்கானா மாநிலத்தில் பல திணைக்களங்களின் பதிவுகளைக் கணனி கொண்டு இணைத்தார்கள். ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஒருவருக்குக் கார் இருப்பதாக அது காட்டியது. காருக்குச் சொந்தக்காரர் ஏறத்தாழ அதே பெயருள்ள வேறொருவர்! குடும்பத்துக்கு அரிசி நின்றது. அங்கு நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 இலட்சம் பங்கீட்டு அட்டைகளை நேரில் சென்று மீளப் பரிசீலிக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது.

நமது நிலையை எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. ஒரே வளவில், ஒரே மின்மானியில் இரண்டு குடும்பங்கள். வடக்கிலே பெயரளவில் ஒரு காணி, அது காடு மண்டிக் கிடக்கிறது. இங்கே பயிரிடுவது குத்தகை நிலத்தில். எந்திரத்தின் கண்ணுக்கு இவர் காணிச் சொந்தக்காரர்!

பொறுப்பான செயற்கை நுண்ணறிவு பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் எந்திரம் எத்தனை வீதம் சரியாகச் சொல்கிறது என்று அளக்கிறார்கள். அது வேண்டியதுதான். பிழைபட்ட சில வீதத்துக்குள் யார் அகப்படுகிறார்கள் என்பதே நமது கேள்வி. அதற்கு விடை கொழும்பில் கிடையாது. நமது வெங்காயத் தோட்டங்களுக்கு வந்து கேட்கவேண்டும், தமிழில் கேட்கவேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. நல்லதே. ஆனால் கணனி தந்த தாளில் அலுவலர் ஒருவர் கையொப்பம் வைத்துவிட்டால், அது "முழுக்கத் தானியங்கி" அல்ல என்று சொல்லித் தப்பலாமா? இந்த ஓட்டை அடைபடவேண்டும். அதுவரை, மறுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள்.