வைரஸ் மாட்டியது சரி, வெயில் தப்பிக்கலாமா?

மெர்க்கல் செல் கார்சினோமான்னு ஒரு தோல் புற்றுநோய். ரொம்ப அரிது. ஆனால் வந்தவர்களில் இறப்பவர் விகிதம் மெலனோமாவை விட அதிகம். 2008-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழு இந்தக் கட்டிகளுக்குள் புதிய வைரஸ் ஒன்றைப் பிடித்தது. சோதித்த 10 கட்டிகளில் 8-ல் இருந்தது.

அப்போ வெயில் நிரபராதியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைரஸ் இல்லாத கட்டிகளின் மரபணுவைப் படித்தால் ஆயிரக்கணக்கில் பிழைகள். பெரும்பாலும் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். புற ஊதாக் கதிரின் கைரேகை அது. வைரஸ் உள்ள கட்டிகளிலோ பிழைகள் மிகக் குறைவு. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சந்திக்கும் ஆஸ்திரேலியாவில்தான் இந்நோய் உலகிலேயே அதிகம். வைரஸ் இல்லாத வகையின் பங்கும் அங்கே அமெரிக்காவை விடக் கூடுதல்.

அங்கே காசு வாங்கிக்கொண்டு புற ஊதா விளக்கில் தோலைக் கறுக்க வைக்கும் கடைகளை நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 முடிவோடு தடை செய்தது. தனிமனித சுதந்திரம் என்று வாதாடலாம்தான். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் 70 வயதுக்கு மேல் வருகிறது. 20 வயதில் படுக்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு எங்கே தெரியும்? தடை சரி என்பேன்.