டிக்கியில் ஒரு திருடன்

டில்லி ஜனவரி. காலை ஐந்து மணி. ஊருக்குக் கிளம்பிய மாமனாரை ரயில் ஏற்ற வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"பேட்டரி போச்சு சாப், மாற்றிவிடுங்கள்" என்றார் தெருமுனை மெக்கானிக். நவம்பரில்தான் புதுசு போட்டிருந்தேன்! வைத்தியத்துக்கு முன்னால் நோய் என்ன என்று தெரிய வேண்டாமா? ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று. ஒன்று, பேட்டரியில் சரக்கு இருக்கிறதா? சார்ஜ் செய்து, இரவு முழுக்க ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி. இரண்டு, வண்டி அதற்குத் தீனி போடுகிறதா? இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ சந்தேகியுங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் மின்சாரம் சரியாகப் போகாது.

என் வண்டி இரண்டிலும் பாஸ். மூன்றாவது கேள்வி: தூங்கும் வண்டியில் யார் திருடுவது? எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து இணைக்க வேண்டும். அரை மணி பொறுத்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. (அப்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.) எனக்கு 400-க்கு மேல் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் முள் விழுந்த மாதிரி எண் சரிந்தது.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினேன். மூடிய டிக்கியில் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது! சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து வாட் பல்புதான். ஆனால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை நாலு நாளுக்குள் காலி செய்ய அது போதும். குளிரில் அதற்கும் முன்பே வண்டி மக்கர் செய்யும். நானோ ஆபீசுக்கு மெட்ரோவில் போகிறவன். வண்டி வாரம் முழுக்கச் சும்மா நிற்கும்.

சுவிட்ச்சை மாற்றினேன். அதன்பின் தொல்லை இல்லை. ஆனால் மாமனார் அடுத்த முறை வந்தபோது, கிளம்புவதற்கு முதல் நாளே ஆட்டோவுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.