அயோடின் எண் சொல்லாத சேதி

மலருக்கு ஒரு கவிதை கொடு என்றுதான் ஆசிரியர் குழுத் தோழர்கள் என்னிடம் கேட்டார்கள். காதல் கவிதைகள் ஏற்கெனவே கட்டுக்கட்டாய் வந்து கிடக்கின்றனவாம். ஆகவே கெமிக்கல் பிரிவுக்காரன் என்ற உரிமையில், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்குள்ள விஷயம் ஒன்றை எழுதுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்க ஆள் ஒருத்தரும் உள்ளே வருகிறார்.

போன செமஸ்டர் வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னைப் பார்த்து, "லிண்ட்லார் கேட்டலிஸ்ட்னா என்னப்பா?" என்றார். கைடில் அடிக்கோடு போட்டுப் படித்த வரி. "கால்சியம் கார்பனேட் மேல பல்லேடியம் சார், அதுல லெட் அசிடேட், கூட கொஞ்சம் குயினோலின்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "லெட் எதுக்கு?" "விஷம் சார்." "நல்லா வேலை செய்யிற கேட்டலிஸ்டுக்கு எவனாவது விஷம் வைப்பானா?" நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஃபேன் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

விடையை வெளியே வந்தபிறகுதான் தேடிப் படித்தேன். முப்பிணைப்பு உள்ள ஒரு சேர்மத்துக்கு ஹைட்ரஜன் கொடுத்தால் இரட்டைப் பிணைப்பாகும். மேலும் கொடுத்தால் ஒற்றைப் பிணைப்பாகிவிடும். சும்மா பல்லேடியத்தைப் போட்டால் அது நடுவில் எங்கேயும் நிற்காது, கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடும். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஹாஃப்மன்-லா ரோஷ் கம்பெனியில் வைட்டமின் ஏ தயாரிக்கும் வழியில் இந்தத் தொல்லை வந்தது. நடு ஸ்டாப்பிங்கில்தான் அவர்களுக்கு இறங்கவேண்டும். அங்கே வேலை பார்த்த ஹெர்பர்ட் லிண்ட்லார், பல்லேடியத்தின் வேகத்தை ஈயத்தால் மட்டுப்படுத்தி, 1952இல் அதை வெளியிட்டார். முப்பிணைப்பு உலோகப் பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இரட்டைப் பிணைப்பின் பிடி லூசு. ஈயமும் குயினோலினும் இடத்தை அடைத்துக்கொண்டால், இரட்டைப் பிணைப்பாக மாறியது மறுபடி ஒட்ட இடமில்லாமல் வெளியேறிவிடுகிறது. இரண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கமாகச் சேர்வதால் கிடைப்பது சிஸ் வடிவம். இதற்குப் பெயர்தான் தேர்ந்தெடுத்த ஹைட்ரஜனேற்றம்.

ஆனால் தேர்ந்தெடுப்பது எதை? யாருக்கு வேண்டியதை? இதைக் கேட்காமல் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்வதில் என்ன லாபம் என்பதுதான் என் கட்சி. அதற்கு நம் வீட்டு அலமாரியிலேயே சாட்சி இருக்கிறது. பனைமரம் போட்ட அந்த மஞ்சள் டப்பா! எங்க ஆத்தா டால்டா தீர்ந்தபிறகும் அந்த டப்பாவை விடமாட்டார். ஒன்றில் மிளகாய் வற்றல், இன்னொன்றில் துளசி.

பிரான்சில் துலூஸ் நகரத்துப் பால் சபாத்தியே, நிக்கல் பொடியின் மேல் ஹைட்ரஜனேற்றம் நடக்கும் என்று காட்டி 1912இல் நோபல் பரிசு வாங்கினார். அதற்கு முன்பே, 1902இல், ஜெர்மனிக்காரர் வில்ஹெல்ம் நார்மன் திரவ எண்ணெயையே அப்படிக் கெட்டியாக்கலாம் என்று காப்புரிமை எடுத்துவிட்டார். நம் நாட்டுக்கு டால்டா வந்தது 1937இல். எண்ணெயை முழுவதும் ஹைட்ரஜனேற்றம் செய்தால் மெழுகு மாதிரி ஆகிவிடும், பூரி சுட முடியாது. ஆகவே பாதியில் நிறுத்தவேண்டும். எண்ணெயில் இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் சீக்கிரம் சிக்குவாடை அடிப்பவை. அவற்றை ஒரு இரட்டைப் பிணைப்பு வரைக்கும் கொண்டுவந்து அத்தோடு விட்டுவிட்டால் நெய் போலக் குருணையாக உறையும். அதற்கென்று ஆலைக்காரர்கள் கண்டுபிடித்த பக்குவம் என்ன தெரியுமா? வெப்பம் அதிகம், ஹைட்ரஜன் அழுத்தம் குறைவு. புத்தகத்தில் இதற்குப் பெயரே 'தேர்ந்தெடுத்த நிலைமைகள்'.

கோளாறு அங்கேதான் புகுந்தது. ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடியாக வந்து உட்காருவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் சேருகின்றன. இதை ஹோரியுட்டியும் போலன்யியும் 1934இலேயே எழுதிவிட்டார்கள். முதல் அணு சேர்ந்தவுடன் இரட்டைப் பிணைப்பு திறந்துகொள்கிறது, மூலக்கூறு அந்த இடத்தில் சுழலலாம். இரண்டாவது அணு உடனே கிடைத்தால் சரி. ஹைட்ரஜன் பற்றாக்குறை என்றால், ஒரு அணுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி இரட்டைப் பிணைப்பாகிவிடும். ஆனால் போனபோது சிஸ், வந்தபோது டிரான்ஸ்! அதாவது, எந்த நிலைமை இரட்டைப் பிணைப்பை ஒன்றோடு நிறுத்திக் கொடுத்ததோ, அதே நிலைமைதான் டிரான்ஸ் கொழுப்பையும் வளர்த்தது.

நாம் லேபில் பியூரெட்டோடு மல்லுக்கட்டிப் போடுகிறோமே அயோடின் எண், அதற்கு இது தெரியவே தெரியாது. அது இரட்டைப் பிணைப்புகளை எண்ணும். அவை சிஸ்ஸா டிரான்ஸா என்று கேட்காது. உருகுநிலை மட்டும் காட்டிக்கொடுத்தது. டிரான்ஸ் கூடினால் கொழுப்பு கெட்டிப்படும். ஆனால் கெட்டிப்படுவதைத்தானே எல்லோரும் விரும்பினார்கள்! குற்றவாளியைக் கூட்டிவந்து மாலை போட்ட கதை. அந்நாளைய சட்டமும் வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கலக்கவேண்டும் என்று விதித்திருந்தது. யாராவது அதை நெய்யில் கலப்படம் செய்தால் பாடுவான் சோதனையில் சிவந்து காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. அந்த விதி யோசித்தது நெய்யைக் காப்பாற்றத்தான்.

1990இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், கட்டான் இருவரும், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று மனிதர்களிடமே சோதித்துக் காட்டினார்கள். அதன்பிறகும் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு நூற்றுக்கு 2 என்ற உச்சவரம்பு வர 2022 ஜனவரி ஆகிவிட்டது. டால்டா வந்து எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். எங்க ஆத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது எதனால் என்று எனக்குத் தெரியாது. டால்டா மேல் பழிபோட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

"இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க சமாச்சாரம், டிப்ளமோகாரனுக்கு எதுக்கு?" என்று என் ரூம்மேட்டே கேட்டான். அவனுக்கு நான் இன்பிளாண்ட் டிரெய்னிங் போன இடத்துக் கதையைச் சொன்னேன். மருந்துக்கான இடைப்பொருள் செய்யும் ஒரு சின்ன யூனிட். மூலக்கூறில் ஒரு நைட்ரோ, ஒரு குளோரின். நைட்ரோ மட்டும் அமீனாக வேண்டும், குளோரின் கழன்றுவிடக் கூடாது. வினையூக்கி ரானி நிக்கல். (மெக்கானிக்கல் நண்பர்களே, இதோ உங்க ஆள்! மர்ரே ரானி அமெரிக்காவில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, நிக்கலைப் பஞ்சு மாதிரி ஆக்கினார். அதுவும் எண்ணெயைக் கெட்டியாக்கத்தான்.)

அங்கே ஆட்டோகிளேவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டிப்ளமோ அண்ணன், ரொம்ப வருஷ சர்வீஸ். பேட்ச் ஷீட்டில் 5 மணி நேரம் என்று போட்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கால் மணிக்கு ஒருதரம் கேஜ் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். "தம்பி, கேட்டலிஸ்ட் புதுசுன்னா மூணு மணியில முடிஞ்சிரும், பழசுன்னா ஆறு ஆகும். முள்ளு இறங்குற வேகம் சட்டுன்னு கொறஞ்சா நைட்ரோ தீந்துச்சுன்னு அர்த்தம். அப்புறமும் ஓட்டினா குளோரினைப் பிடுங்கிரும்." ஏன் பிடுங்கும் என்று கேட்டேன். "அது எனக்கு யாரும் சொல்லித்தரல" என்றார். அதே நாளில், ரானி நிக்கல் வடிகட்டிய துணியை நான் அலம்பாமல் மூலையில் போட்டுவிட்டேன். காய்ந்ததும் தானாகப் பொறி பறக்க ஆரம்பித்தது. ஹைட்ரஜன் இருக்கும் ஷெட்டில்! அண்ணன் ஓடிவந்து வாளித் தண்ணீரைக் கொட்டினார். திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தத் துணியை ஏன் ஈரமாகவே வைக்கவேண்டும் என்பது நம் பாடத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதை ஷிப்டில் நின்று தீர்மானிக்கப் போகிறவர்கள் நாம்தான், தோழர்களே. பாடத்திலோ வினையூக்கி என்பது அம்புக்குறி மேல் எழுதும் இரண்டு மார்க் எழுத்து. அழுத்தத்தில் ஹைட்ரஜன் வைத்து நம் லேபில் செய்முறை நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று செய்யலாம். ஒலிக் அமிலம் சிஸ். அதன் உடன்பிறப்பு எலைடிக் அமிலம் டிரான்ஸ். இரண்டுக்கும் அயோடின் எண் ஒன்றே, சுமார் 90. ஆனால் ஒலிக் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும், எலைடிக்குக்கு ஏறக்குறைய 45 டிகிரி வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஒன்று எண்ணெய், மற்றது கட்டி. இரண்டு புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பேட்சும் இரண்டையும் டைட்ரேட் செய்யட்டும். பியூரெட் ஒரே எண்ணைக் காட்டும்போது அவர்களே கேட்பார்கள்.

ஒலிக் அமிலம் ஸ்டோரில் இருக்கிறது. எலைடிக்குக்கு இண்டெண்ட் எழுதி ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எச்.ஓ.டி. கையெழுத்துதான் பாக்கி.