வழவழப்பா, சொரசொரப்பா? - ரிவால்வர் பிடியும் எங்கூரு மம்புட்டியும்

டிஸ்கி: துப்பாக்கி வாங்குங்கன்னோ வாங்காதீங்கன்னோ சொல்ற பதிவு இல்லீங்க இது. ஏற்கனவே லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாலும் ஆரம்பிக்கிற ஒரு சண்டை, அதுல என்னோட ஓட்டு எந்தப் பக்கம்ங்கிறது மட்டும்தான்.

தோட்டங்காடு தள்ளியிருக்கிற ஆளுங்க, நகைக்கடை வச்சிருக்கிறவங்க, இப்படி நம்ம பக்கத்துல ஒரு சிலருகிட்ட ரிவால்வர் உண்டு. வருசம் பூரா பீரோவுல தூங்கும். தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவாங்க. அதோட பொதுவாழ்க்கை அவ்வளவுதான் :-) ஆனா மரப்பிடி பத்திப் பேச்சு வந்துட்டா போதும். "கட்டம் கட்டமா வெட்டுனதுதானுங்க கெத்து, கைய விட்டு நழுவாது"ன்னு ஒரு கோஷ்டி. "வழவழன்னு இருந்தாத்தான் மாப்ள பாக்க லட்சணம்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் பேசறது அழகைப் பத்தித்தான். பிடிங்கிறது கைக்கானது, கண்ணுக்கானது இல்லையேன்னு கேட்டா ஒரு பதிலும் வராது.

நான் கணபதிக்காரன். டெக்ஸ்டூல் ஸ்டாப்புல இருந்து எந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சாலும் லேத் சத்தம் கேக்கிற ஊரு. சாப்ட்வேருக்குப் போனாலும் பட்டறைப் புத்தி போறதில்ல. பட்டறையில இந்தக் கேள்விய யாரும் கேக்கவே மாட்டாங்க, ஏன்னா அங்க பதில் எப்பவோ தெரியும். மைக்ரோமீட்டரோட திருகுற பாகத்தைப் பாருங்க. பொடிசா நர்லிங் போட்டிருக்கும். எண்ணெய்க் கையோட திருகுனாலும் விரல் வழுக்கக்கூடாது. அதே பட்டறையில சுத்தியல் பிடிய எடுங்க. வழவழன்னு இருக்கும். அடிக்கிற அடிக்குத் தக்கபடி கை கொஞ்சம் முன்னபின்ன நகரணும். சொரசொரன்னு இருந்தா மத்தியானத்துக்குள்ள உள்ளங்கை கொப்புளம் போட்டுடும்.

தோட்டத்துலயும் இதே கதைதான். மம்புட்டிப் பிடிய எவனாவது கட்டம் போட்டுச் செதுக்கிப் பாத்திருக்கீங்களா? ஒரு கை நிலையா நிக்கும், இன்னொரு கை வழுக்கிக்கிட்டே போய் வரும். உலக்கையும் அப்படி, சிலம்பக் கம்பும் அப்படி. அம்மி இன்னும் அருமையான உதாரணம். அம்மியக் கொத்திக் கொத்தி வச்சுக்கிறோம், ஆனா குழவியில கை படற ரெண்டு முனையும் தேஞ்சு மழமழன்னு இருந்தாத்தான் அரைக்கிறவங்களுக்கு நிம்மதி. ஆக, கை நகர வேண்டிய இடத்துல வழவழப்பு, நகரக் கூடாத இடத்துல சொரசொரப்பு. எங்கம்மாவுக்கு இதச் சொல்லித்தர எஞ்சினியரிங் காலேஜ் தேவைப்படல.

இதை ரிவால்வருக்குக் கொண்டு வருவோம். அமெரிக்க ராணுவம் 1873-ல எடுத்துக்கிட்ட கோல்ட் ரிவால்வருக்கு வெறும் எண்ணெய் தேச்ச வால்நட் பிடி. ஒரு கோடு கூடக் கிடையாது. அது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால சுத்தியலை இழுத்து வைக்கணும். சுட்டதும் பிடி உள்ளங்கையில மேல உருளும், திரும்ப கையச் சரிபண்ணிப் பிடிக்கணும். கை நகர்ற துப்பாக்கி, அதனால வழவழப்பு. பிரிட்டிஷ்காரன் முதல் உலகப் போர்ல தூக்கிக்கிட்டு அலைஞ்ச வெப்ளி மார்க் 6-ல (1915) கட்டம் வெட்டுன வல்கனைட் பிடி. டபுள் ஆக்‌ஷன், சேறு, மழை, வேர்வை. கை நகரக்கூடாத துப்பாக்கி, அதனால சொரசொரப்பு. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைக்குச் சரியாத்தான் பண்ணியிருக்காங்க.

சரி, நம்மாளுக கையில இருக்கிறது என்ன? பெரும்பாலும் கான்பூர்ல செஞ்ச .32 ரிவால்வர், அந்த வெப்ளியோட வம்சம். டெல்லி சம்பவத்துக்கு அப்புறம், பெண்களுக்குன்னு சொல்லி 2014 ஜனவரியில 'நிர்பீக்'னு ஒண்ணு விட்டாங்க. அரைக் கிலோ எடை, விலை 1 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம். (அந்த விலைக்கு யாரோட பாதுகாப்புன்னு அப்பவே நெறைய பேரு கேட்டாங்க. அது வேற பஞ்சாயத்து.) 2023 ஆகஸ்ட்ல 'பிரபல்' வந்துச்சு. .32 தோட்டாவோட உதை சின்னதுதான். அதனால 'உதைக்கிறப்ப நழுவிடும், கட்டம் வெட்டுங்க'ங்கிற வாதம் இங்க பாதி செத்துப்போச்சு.

உண்மையான சிக்கல் ட்ரிக்கர்ல இருக்கு. டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிக்கர் இழுக்க சுமாரா 5 கிலோ விசை வேணும். துப்பாக்கி எடையோ அரைக் கிலோ. தன்னோட எடையைவிடப் பத்து மடங்கு இழுப்பைத் தாங்கி ஒரு பொருள் கையில ஆடாம நிக்கணும்னா, அதை நிறுத்தறது எது? கட்டமா? இல்லீங்க, வடிவம். பிடி கைக்குப் பெருசா இருந்தா விரல் நுனி மட்டும்தான் ட்ரிக்கருக்கு எட்டும், இழுக்கிறப்ப குழல் பக்கவாட்டுல திரும்பிடும். சின்னதா இருந்தா சுண்டுவிரல் அந்தரத்துல தொங்கும். நம்மூர்ல வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு விரக்கடை திரும்புன குண்டு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ள போயிடும். அழகுப் போட்டி நடத்தற விசயமா இது?

அதான் என் கடுப்பு. வடிவம் சரியில்லாத பிடியை கட்டம் வெட்டி ஒப்பேத்தறாங்க. கூரா வெட்டுன கட்டம் தோலுக்குள்ள பதிஞ்சு பிடிச்சுக்கும், வாஸ்தவம். ஆனா பதட்டத்துல தப்பாப் பிடிச்சுட்டா அந்தத் தப்பான பிடியையும் அதே மாதிரி பூட்டி வச்சுக்கும். வழவழப்பு, கைய அரை நொடியில சரி பண்ணிக்க விடும். 1999-ல ஆறு குண்டு சுட்டு, திரும்ப ரொப்பி, இன்னும் ஆறு சுட்டு, எல்லாம் சேத்து 2.99 நொடியில முடிச்ச ஜெர்ரி மிகுலெக் பேர்ல விக்கிற ரிவால்வர் பிடிகள் வழவழ மரம்தான். அவரு கை நம்ம கையில்லதான், ஆனாலும் யோசிக்க வேண்டிய சாட்சி.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கு. ஒலிம்பிக் பிஸ்டல்ல எல்லாம் வால்நட் பிடி மேல புள்ளி புள்ளியாக் குத்தி சொரசொரப்பு பண்ணியிருப்பாங்க. 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்குன மாதிரி போட்டிகள்ல, ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்துல அச்சு மாதிரி உக்காரணும். ஆனா கவனிங்க, அங்க மொதல்ல கைக்கு அளவெடுத்து பிடியச் செதுக்கறாங்க. தேவைப்பட்டா மரப்புட்டி வச்சு ரொப்பறாங்க. சொரசொரப்பு அதுக்கப்புறம்தான். ரைபிள் கிளப்புக்கு வாராவாரம் போற ஆளா நீங்க? தாராளமா கட்டம் வெட்டுங்க, எனக்கு ஆட்சேபணையே இல்ல. வருசத்துக்கு ரெண்டு தடவை பீரோவத் திறக்கிற மாமாக்களுக்கு என் ஓட்டு வழவழப்புக்குத்தான்.

வேர்வை? அந்தக் கேள்வி வரும்னு தெரியும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடற இடம். வார்னிஷ் அடிச்ச பளபளப்பு வேற, எண்ணெய் தேச்ச வழவழப்பு வேற. வார்னிஷ் மேல வேர்வை படலமா நிக்கும், சோப்புக் கட்டிய பிடிச்ச மாதிரி ஆயிடும். ஆளி விதை எண்ணெய் தேச்ச மரத்துல கை ஒட்டி உக்காரும். லேசான ஈரம் இருந்தா தோலோட பிடிமானம் கூடத்தான் செய்யும், தண்ணியா ஓடுனாத்தான் குறையும். பணம் எண்ணறப்ப விரல நனைக்கிறோமே, அதே சமாச்சாரம். கட்ட வெட்டுக்குள்ள அழுக்கும் உப்பும் போய் உக்காந்தா பல்குச்சி வச்சு நோண்டணும். அதையும் யாரும் செய்யறதில்ல.

போன மாசம் சொந்தத்துல ஒருத்தரு கேட்டாரு, "பிரம்மாண்டமா சிங்கம் செதுக்கித் தர்றேங்கிறான் மாப்ள, போட்டுக்கட்டுமா?"ன்னு. சிங்கத்தோட பிடரி உங்க பெருவிரல் அடியில குத்துமுங்கன்னேன். அவரு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்க எந்தக் கட்சின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மம்புட்டி பிடிச்சுப் பழகுன ஆளா இருந்தா உங்க ஓட்டுக்கு ரெண்டு மதிப்பு :-))